சிபியு பெட்டிக்குள் என்ன சத்தம்? கேட்டுக் கண்டுபிடிக்க, சரிசெய்ய ஒரு வழிகாட்டி

கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் காரணம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். தூசி, தளர்ந்த ஸ்க்ரூ, விசிறியில் உரசும் ஒயர். வீட்டிலேயே அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். ஆனால் இரண்டு சத்தங்களுக்கு மட்டும் அந்த நிதானம் கூடாது. அவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஒன்று, கடுகு பொரிவது போல 'சடசட'வென்ற சத்தமும் கருகல் வாடையும். சுவர் சுவிட்சை உடனே அணையுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள். விண்டோஸை முறையாக மூட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இரண்டு, ஹார்ட் டிஸ்கிலிருந்து சீரான இடைவெளியில் வரும் 'டக்... டக்... டக்'. டிஸ்க் சாகப்போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. வேறு எந்தச் சோதனையும் செய்யாமல், கீழே ஹார்ட் டிஸ்க் பற்றிய பகுதிக்கு நேரே போய்விடுங்கள்.

இந்த இரண்டும் இல்லையென்றால் பொறுமையாகத் தேடலாம். ஒரு சொல் விளக்கம்: நம் ஊரில் எல்லாரும் சொல்வதுபோல இங்கேயும் 'சிபியு' என்றால் முழுப் பெட்டி. உள்ளே இருக்கும் சில்லை 'ப்ராசஸர்' என்றே குறிப்பிடுகிறோம்.

முதலில் காது

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் சத்தத்தின் இடத்தைப் பிடிப்பது கொஞ்சம் சிரமம். தரையில் ஆத்தங்குடி கல், நடுவில் திறந்த வளவு, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், உயரமான மேல்தளம். சத்தத்தை உறிஞ்ச எதுவும் இல்லாததால் அது எல்லாப் பக்கமும் பட்டுத் திரும்பும். சிபியு இடப்பக்கம் இருக்க, சத்தம் வலப்பக்கத்திலிருந்து வருவதுபோல் தோன்றும். அதனால் இரவு ஊர் அடங்கிய பிறகு, கதவைச் சாத்திய சின்ன அறையில் வைத்துக் கேளுங்கள். சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். இன்வர்ட்டர், யுபிஎஸ், ஸ்டெபிலைசர், ஃபிரிட்ஜ் எதுவும் பக்கத்தில் ஓடக்கூடாது. கம்ப்யூட்டர் சத்தம் என்று நினைத்தது மேசைக்கு அடியில் இருக்கும் யுபிஎஸ்ஸின் சத்தமாக இருப்பது மிகச் சாதாரணம்.

பிறகு ஒரு காலண்டர் தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வையுங்கள். மறு முனையைச் சிபியுவின் பின்புறம் மேலே, பின்புறம் கீழே, முன்புறம், பக்கவாட்டு என்று மெதுவாக நகர்த்துங்கள். சத்தம் எந்த இடத்தில் பெரிதாகிறதோ அங்கேதான் பொருள் இருக்கிறது. தாள் போதும். இரும்புக் குழாயையோ நீள ஸ்க்ரூடிரைவரையோ திறந்த சிபியுவுக்குள் நீட்டவே கூடாது.

அடுத்தது, சத்தத்துக்குச் சரியான சொல். ஊரில் இருக்கும் ஐயாவும் அப்பத்தாவும் பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசத்தான் பல வீடுகளில் கம்ப்யூட்டரே இருக்கிறது. அது கெட்டால் சென்னையில் இருக்கும் மகனோ சிங்கப்பூரில் இருக்கும் மகளோ ஃபோனிலேயேதான் விசாரிக்க வேண்டியிருக்கும். "சத்தம் வருது" என்றால் ஒன்றும் புரியாது. "கரகரங்குதா, கடகடங்குதா?" என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். சத்தங்களுக்குத் தமிழில் இருக்கும் சொற்கள் அவ்வளவு நுட்பமானவை.

'டர்ர்ர்' என்று வேகமாகத் தட்டினால் விசிறி இதழில் ஒயர் படுகிறது. 'கரகர' என்றால் விசிறியின் பேரிங். 'கடகட' என்று தகரம் ஆடினால் தளர்ந்த ஸ்க்ரூ. 'உஸ்ஸ்' என்ற பெருங்காற்று, சூடு. 'உம்ம்' என்ற ரீங்காரம் கரண்ட் சம்பந்தப்பட்டது. 'கீ...' என்று ஊசிபோல மெல்லியதாக வந்தால் சுருள்கம்பி அதிர்வு. 'டக், டக்' என்றால் டிஸ்க் அல்லது ரிலே (யுபிஎஸ், ஸ்டெபிலைசருக்குள் தானே மாறும் சுவிட்ச்). 'பீப்' மதர்போர்டிலிருந்தோ யுபிஎஸ்ஸிலிருந்தோ வரும்.

எப்போது வருகிறது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் போட்டவுடன் வந்து ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறதா, வெயில் ஏறிய பிறகு மட்டும் வருகிறதா, கரண்ட் போய் இன்வர்ட்டரில் ஓடும்போதா, ஃபைல் திறக்கும்போதா? இந்தப் பதில் இருந்தால் திறப்பதற்கு முன்பே காரணம் பாதி தெரிந்துவிடும்.

திறக்கும் முன்

தேவையானவை: 2-ஆம் நம்பர் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஓர் அங்குலப் பெயிண்ட் பிரஷ் (புதியது), டார்ச், நாலைந்து கேபிள் டை, தையல் மெஷின் எண்ணெய், பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பர். மின் புளோயர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பிரஷ்ஷும் பொறுமையும் போதும்.

கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, சுவர் சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைப் பின்னாலிருந்து உருவுங்கள். அதன் பிறகு சிபியுவின் ஆன் பட்டனை 10 வினாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். மற்ற கேபிள்களைக் கழற்றும் முன் பின்பக்கத்தை மொபைலில் ஒரு படம் எடுத்து வையுங்கள், திரும்ப மாட்டும்போது உதவும். முன்னாலிருந்து பார்க்கும்போது இடப்பக்கம் இருக்கும் தகடுதான் திறக்க வேண்டியது. பின்புறம் அதற்கு இரண்டு ஸ்க்ரூ இருக்கும். அவற்றைக் கழற்றித் தகட்டைப் பின்னுக்கு இழுத்தால் வந்துவிடும். உள்ளே கை வைப்பதற்கு முன் பெட்டியின் வெறும் இரும்பை ஒரு தடவை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும்.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள்: பவர் சப்ளை. பின்புற மேல் மூலையிலோ கீழ் மூலையிலோ இருக்கும் இரும்புப் பெட்டி அது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகங்கள்) 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

விசிறிகள்: சத்தத்தின் முதல் வீடு

சாதாரணச் சிபியுவில் குறைந்தது இரண்டு விசிறி உண்டு: ப்ராசஸரின் மேல் ஒன்று, பவர் சப்ளைக்குள் ஒன்று. பெட்டியின் பின்னாலும் முன்னாலும் 120 மில்லிமீட்டர் விசிறிகள் இருக்கலாம். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதில் தனியாக ஒன்றோ இரண்டோ இருக்கும்.

எந்த விசிறி என்று உறுதிசெய்ய, தகட்டைத் திறந்த நிலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். பென்சிலின் ரப்பர் முனையை விசிறியின் நடுக்குமிழில் மெல்ல வைத்து 2, 3 வினாடி மட்டும் நிறுத்திப் பாருங்கள். இதழில் வைக்காதீர்கள், ஒடிந்துவிடும். சத்தம் நின்றால் குற்றவாளி கிடைத்துவிட்டது. பவர் சப்ளையின் விசிறியில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். மற்ற விசிறிகள் எல்லாம் நல்லவை என்று தெரிந்த பிறகும் சத்தம் தொடர்ந்தால், அது பவர் சப்ளை என்று கழித்துக் கண்டுபிடிக்கலாம்.

ஒயர் உரசினால் வேலை எளிது. தொங்கும் ஒயர்களை ஒன்றாகச் சேர்த்து, விசிறியிலிருந்து குறைந்தது இரண்டு விரல் தள்ளிக் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் சில மாதத்தில் இற்று அறுந்து விசிறிக்குள்ளேயே விழும்.

தூசிதான் இங்கே பெரிய விஷயம். செட்டிநாட்டில் புழுதி வெறும் சாம்பல் தூசி இல்லை, செம்மண். ஆடியில் அடிக்கும் காற்று வளவு வழியாக நேரே உள்ளே இறக்கிவிடும். அதோடு அடுப்படியிலிருந்து வரும் தாளிப்பு எண்ணெய்ப் புகையும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையும் சேர்ந்தால், விசிறி இதழில் படிவது தூசியாக இருக்காது, பசையாக இருக்கும். ஓர் இதழில் அதிகமும் இன்னோர் இதழில் குறைவுமாகப் படிந்தவுடன் விசிறியின் சமநிலை போய்விடும். நிமிடத்துக்கு 1,500, 2,000 சுற்று சுற்றும் ஒன்றில் சிறு எடை வித்தியாசம்கூடப் பெரிய அதிர்வாகிவிடும்.

சுத்தம் செய்யச் சிபியுவை முற்றத்துக்கோ பின்கட்டுக்கோ எடுத்துப் போங்கள். அறைக்குள் ஊதினால் அதே புழுதி அடுத்த நாள் திரும்ப உள்ளே போகும். முதலில் பிரஷ்ஷால் விசிறி இதழ்களையும் அதற்குக் கீழே இருக்கும் அலுமினியப் பட்டைகளையும் தட்டிவிடுங்கள். பிறகு புளோயர். புளோயர் அடிக்கும்போது விசிறி சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று வேகத்தில் கண்டபடி சுற்றினால் பேரிங் கெடும், அந்தச் சுற்றில் உண்டாகும் மின்சாரம் போர்டுக்குள் திரும்பிப் போகவும் வாய்ப்பு உண்டு. பவர் சப்ளைக்குள் வெளியிலிருந்து மட்டும் ஊதுங்கள். இதழில் பசையாக ஒட்டியிருப்பதை ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே ஆன் செய்யுங்கள். பெட்ரோல் பங்க் காற்றைப் பிடிக்கக்கூடாது. வேகமும் அதிகம், குழாயில் தண்ணீரும் வரும்.

வளவைப் பார்த்த இடத்தில் சிபியு இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்யுங்கள். கதவு சாத்திய உள்ளறை என்றால் ஆறு மாதம்.

சுத்தம் செய்தும் 'கரகர' போகவில்லையா? பேரிங்கில் எண்ணெய் வற்றிவிட்டது. காலையில் போட்டதும் சத்தம் வந்து, சூடேறிய பிறகு அடங்குவது இதன் அடையாளம். சிபியுவைப் படுக்க வைத்தால் சத்தம் மாறுவது இன்னோர் அடையாளம். தற்காலிகமாகச் சரிசெய்யலாம். விசிறியைக் கழற்றித் திருப்பினால் நடுவில் வட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதன் ஓரத்தை நகத்தால் பாதி உரியுங்கள். அடியில் சின்னக் குழி தெரியும், சிலவற்றில் ரப்பர் மூடி இருக்கும், அதையும் எடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு. இதழை விரலால் சுற்றிச் சுற்றி எண்ணெய் இறங்க விடுங்கள். வழிந்ததைத் துடைத்துவிட்டு ஸ்டிக்கரை ஒட்டுங்கள். எண்ணெய் பட்டுப் பசை போயிருந்தால் செல்லோ டேப் போதும்.

தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். ஒரு வாரம் அமைதியாக ஓடும். பிறகு தூசியோடு சேர்ந்து பிசினாகி, விசிறி சுற்றவே மறுக்கும். துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம், உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெயையும் அது கரைத்துவிடும். எண்ணெய் விட்ட விசிறி சில வாரமோ சில மாதமோதான் ஓடும். அதற்குள் அதே அளவில் புதிது வாங்கிவிடுங்கள். அளவை மில்லிமீட்டரில் அளந்து, பிளக்கில் எத்தனை ஓட்டை என்றும் (3 அல்லது 4) பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பவர் சப்ளை விசிறி கரகரத்தால் முழுப் பவர் சப்ளையையும் மாற்றுவதே சரி.

'உஸ்ஸ்' என்று இரைந்துகொண்டே இருந்தால்

விசிறியில் குறை இல்லை. ப்ராசஸர் சூடாகிறது, விசிறி அதைக் காப்பாற்றப் பார்க்கிறது.

முதலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். ஒன்றுமே செய்யாமல் இருக்கும்போதும் ப்ராசஸர் 80, 90 சதவீதம் ஓடினால், எந்தப் புரோகிராம் என்று அந்தப் பட்டியலே காட்டும். விண்டோஸ் அப்டேட் என்றால் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள், தானே அடங்கும்.

அங்கே 5, 10 சதவீதம்தான் என்றால் பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரை) போய் வெப்பநிலையைப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் அறையே 36 டிகிரி இருக்கும்போது ப்ராசஸர் அதற்குக் கீழே இறங்க வழியில்லை. சும்மா இருக்கையில் 45, 50 என்பது இங்கே கவலைப்பட வேண்டியதில்லை. சும்மா இருக்கையிலேயே 70-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். வேலை செய்யும்போது 90-ஐத் தாண்டி நின்றால் உடனே கவனிக்க வேண்டும்.

இடத்தையும் பாருங்கள். சுவர் அலமாரிக்குள்ளோ தேக்கு மேசையின் மூடிய அறைக்குள்ளோ சிபியுவை வைப்பது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது தன் வெப்பக் காற்றையே திரும்பத் திரும்ப உறிஞ்சும். சுவருக்கும் சிபியுவின் பின்புறத்துக்கும் இடையே ஒரு சாண் விடுங்கள். மேலே துணி விரிக்காதீர்கள்.

இடம் சரி, தூசியும் இல்லை, ஆனாலும் சூடு என்றால் ப்ராசஸருக்கும் அலுமினியப் பட்டைக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பேஸ்ட் காய்ந்திருக்கும். அதற்கு முன், இன்டெல் ப்ராசஸரோடு வரும் விசிறியின் நான்கு பிளாஸ்டிக் கால்களையும் அசைத்துப் பாருங்கள். அதில் ஒன்று விட்டிருந்தாலே சூடு ஏறும், கடகடக்கவும் செய்யும். கழற்ற, காலின் தலையில் இருக்கும் அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பி மேலே இழுக்க வேண்டும். மாட்டும்போது அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்து, எதிரெதிர் மூலைகளாக 'டக்' என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும். பழைய பேஸ்ட்டைத் துணியாலும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலாலும் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு புதியது வைத்தால் போதும். தோசைக்கு மாவு பரப்புவதுபோல் தேய்க்கத் தேவையில்லை, அழுத்தும்போது தானே பரவும். ஏஎம்டி ஏஎம்4 வகையில் (ஏஎம்டி கம்பெனி ப்ராசஸர்களின் ஒரு சாக்கெட் வகை) ஒரு எச்சரிக்கை: பேஸ்ட் இறுகியிருந்தால் விசிறியை இழுக்கும்போது ப்ராசஸரும் சாக்கெட்டைவிட்டு வந்து கால்கள் வளைந்துவிடும். பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைக் கழற்றி, விசிறியின் பூட்டை விடுவித்து, இப்படியும் அப்படியும் மெல்லத் திருகிய பிறகே தூக்குங்கள்.

தகரச் சத்தம்

ஓடும் சிபியுவின் பக்கத் தகட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள். சத்தம் நின்றால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. முறுக்குங்கள். நிற்காவிட்டால் மேல்புறம், முன்புறம் என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் இரண்டே ஸ்க்ரூவில் நின்றால் மீதி இரண்டையும் போடுங்கள். பெரிய டிஸ்குக்குப் பெரும் புரி ஸ்க்ரூ, டிவிடி டிரைவுக்கு நுண் புரி ஸ்க்ரூ. மாற்றி முறுக்கினால் புரி போய்விடும். விரலால் மூன்று சுற்று லேசாகப் போகவில்லை என்றால் அது அந்த ஸ்க்ரூ இல்லை.

ஆத்தங்குடி தரையில் நேரடியாக வைத்த சிபியு அதிரும், மெல்ல நகரவும் செய்யும். பழைய சைக்கிள் டியூபை நாலு துண்டாக வெட்டிக் கால்களுக்கு அடியில் வையுங்கள். உள்கூடான மர மேசைமேல் வைத்தால் மேசையே தவில்போல் சத்தத்தைப் பெருக்கும், அங்கேயும் இதே டியூப்தான் மருந்து.

ஹார்ட் டிஸ்க்: முதலில் நகல், மற்றதெல்லாம் பிறகு

நல்ல டிஸ்கும் சத்தம் போடும். ஆன் செய்ததும் 'உய்ங்' என்று சுற்ற ஆரம்பிக்கும், ஃபைல் படிக்கும்போது மெல்லக் 'கொறகொற'க்கும், அணைக்கும்போது ஒரே ஒரு 'டக்' கேட்கும். அந்த ஒற்றை 'டக்' ஊசித்தலை தன் இடத்தில் போய் அமர்வது. பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியவை இவை: சீரான 'டக் டக்', கூடவே கம்ப்யூட்டர் உறைந்து நிற்பது, சுற்ற ஆரம்பித்து நின்று மறுபடி சுற்றுவது, 'கிறீச்' என்று தகடு கீறும் சத்தம். தலையால் தகட்டைப் படிக்க முடியவில்லை, திரும்பித் திரும்பி முயல்கிறது என்பதுதான் அந்த 'டக் டக்'கின் பொருள். ஒவ்வொரு முயற்சியிலும் சேதம் கூடும்.

சத்தம் டிஸ்கிலிருந்துதானா என்று சந்தேகமாக இருந்தால், கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைக் கழற்றி, டிஸ்குக்குப் போகும் இரண்டு கேபிளையும் (அகலமானது பவர், குறுகலானது டேட்டா) உருவுங்கள். திரும்ப ஆன் செய்தால் விண்டோஸ் வராது, பயாஸ்வரை வரும். அதுவரை சத்தமே இல்லை என்றால் டிஸ்க்தான். எஸ்எஸ்டி மட்டும் உள்ள கம்ப்யூட்டரில் டிஸ்க் சத்தத்துக்கே இடமில்லை, அதில் அசையும் பாகம் கிடையாது.

டிஸ்க் இன்னும் திறக்கிறது என்றால் வரிசை இதுதான்:

1. இன்னொரு எக்ஸ்டர்னல் டிஸ்கையோ பெரிய பென் டிரைவையோ கையில் வைத்துக்கொண்டுதான் ஆன் செய்யுங்கள். ஆன் செய்துவிட்டு அதைத் தேடி அலையக்கூடாது.
2. திரும்பக் கிடைக்காததை முதலில் எடுங்கள்: ஸ்கேன் செய்து வைத்த இசைகுடிமானம் (நகரத்தார் கல்யாண ஒப்பந்தச் சீட்டு), பழைய கணக்கேடு, பத்திரம், கல்யாணப் படங்கள், கடையின் டாலி டேட்டா ஃபோல்டர். சினிமாவும் பாட்டும் கடைசி.
3. முழு டிஸ்கையும் ஒரே தடவையில் இழுக்காதீர்கள். சின்னச் சின்ன ஃபோல்டராக எடுங்கள். ஒன்று நின்றுபோனால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.
4. சத்தம் கூடினால் உடனே அணைத்துவிடுங்கள். மிச்சம் டேட்டா மீட்கும் கடையின் வேலை.

டிஸ்கைச் சோதிக்கும் செக் டிஸ்க், ஃபைல்களை ஒழுங்காக அடுக்கும் டிஃப்ராக் என்ற விண்டோஸ் புரோகிராம்கள் இரண்டையும் ஓட்டக்கூடாது. நலிந்த டிஸ்கை ஓடவிட்டு அடிப்பது போன்றது அது. ஃபிரிட்ஜில் வைப்பது, தட்டிப் பார்ப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது எல்லாம் இருக்கும் கொஞ்ச வாய்ப்பையும் கெடுக்கும். தலைக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி தூசித் துகளைவிடப் பல மடங்கு சிறியது. நம் அறைக் காற்றில் திறந்தாலே முடிந்தது.

சத்தம் லேசான சந்தேகம் மட்டும்தான், நகலும் எடுத்தாகிவிட்டது என்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராமைப் போட்டுப் பாருங்கள். நீலம் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு முடிவு. பட்டியலில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளின் கடைசிக் கட்டத்தில் பூச்சியம் அல்லாத எண் இருந்தால், அதுவும் வாரத்துக்கு வாரம் ஏறினால், அந்த டிஸ்கை நம்பி எதையும் வைக்காதீர்கள். மாற்றும்போது எஸ்எஸ்டி வாங்குங்கள். சத்தமும் போகும், பழைய கம்ப்யூட்டர் புதிதுபோல வேகமாகும்.

எக்ஸ்டர்னல் டிஸ்க் மெல்லப் 'பீப்' என்று முனகினால் மோட்டார் சுற்றப் போதுமான கரண்ட் வரவில்லை என்றும் இருக்கலாம். கேபிளை மாற்றி, சிபியுவின் பின்பக்க யுஎஸ்பியில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

'உம்ம்' என்ற ரீங்காரமும் பழைய ஒயரிங்கும்

ஸ்பீக்கரில் 'உம்ம்' கேட்டால், முதலில் ஸ்பீக்கரின் கேபிளைக் கம்ப்யூட்டரிலிருந்து மட்டும் உருவுங்கள். ரீங்காரம் தொடர்ந்தால் ஸ்பீக்கரின் குறை, அல்லது அதன் அடாப்டரின் குறை. உருவியதும் நின்றால் எர்த் விவகாரம். கம்ப்யூட்டர், ஸ்பீக்கர், மானிட்டர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சேர்த்து மாட்டுங்கள். ஆடியோ கேபிளும் பவர் கேபிளும் ஒட்டி ஓடாமல் பிரித்துவிடுங்கள். மவுஸை நகர்த்தும்போதெல்லாம் 'கிர்ர்' என்றால் முன்பக்க ஓட்டையை விட்டுப் பின்பக்கப் பச்சை ஓட்டைக்கு மாற்றுங்கள்.

இதற்கும் போகாவிட்டால் சுவரைப் பார்க்க வேண்டும். நம் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் ஒயரிங் மரப்பட்டையில் ஓடும் பழைய வேலை. ப்ளக் பாயின்ட் புதிதாக மூன்று ஓட்டையோடு இருக்கும், எர்த்துக்கான பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் சிபியுவின் இரும்பைப் புறங்கையால் தொட்டால் 'சுர்' என்று ஊரும், டெஸ்டர் மங்கலாக எரியும். பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் எர்த்துக்கு அனுப்ப வேண்டிய சிறு கசிவு போக வழியில்லாமல் பெட்டியில் நிற்பதுதான் காரணம்.

எலக்ட்ரீஷியனை அழைத்து மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 230 வோல்ட் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்தான் இருக்க வேண்டும். எர்த் குழி இருந்தும் ரீடிங் சரியில்லை என்றால், மண் காய்ந்திருக்கும். செம்மண்ணும் செம்புரான் கல்லுமான நம் பூமி கோடையில் எலும்புபோல் வறண்டுவிடும், ஈரமில்லாத மண் மின்சாரத்தை வாங்காது. கரியும் உப்பும் போட்ட குழி என்றால் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

ரீங்காரத்தை நிறுத்த எர்த் பின்னை வெட்டுவது, எர்த்தையும் நியூட்ரலையும் சுவருக்குள்ளேயே சேர்த்துக் கட்டுவது இரண்டும் உயிருக்கு ஆபத்து. யார் செய்து தருகிறேன் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கரண்ட் போனபோது மட்டும் ரீங்காரம் வந்தால் இன்வர்ட்டரைப் பாருங்கள். ஸ்கொயர் வேவ் வகையில் சீலிங் ஃபேனே உறுமும், பவர் சப்ளையும் முனகும், சில பவர் சப்ளைகள் அதில் ஓடாமல் அணைந்தே போகும். கம்ப்யூட்டருக்கு சைன் வேவ் இன்வர்ட்டர்தான் ஏற்றது.

மற்றவை

யுபிஎஸ் சில வினாடிக்கு ஒரு தடவை பீப் அடித்தால் பேட்டரியில் ஓடுகிறது. விடாமல் அடித்தால் பேட்டரி தீர்கிறது, அல்லது சுமை அதிகம். மாலையில் வோல்டேஜ் ஏறி இறங்கும்போது கேட்கும் 'டக்', அதன் ரிலே. கரண்ட் போன அடுத்த நிமிடமே அணைந்துவிட்டால் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் (Ah) பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது. நம் சூட்டில் இரண்டு, மூன்று வருடம்தான் தாங்கும்.

ஆன் செய்ததும் நீளமான பீப் விட்டுவிட்டு வந்து திரையில் ஒன்றுமே வராவிட்டால், முதல் சந்தேகம் ரேம். பிளக்கைக் கழற்றி, ரேமை எடுத்து, தங்க நிற விளிம்பை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டி, பூட்டு 'டக்' என்று விழும்வரை அழுத்துங்கள். ஒற்றைச் சின்னப் பீப் பல போர்டுகளில் 'எல்லாம் நலம்' என்பதற்கு அடையாளம்.

கேம் ஓடும்போதோ பக்கத்தை உருட்டும்போதோ 'கீ...' என்று வரும் மெல்லிய ஓசை பழுது அல்ல. கிராஃபிக்ஸ் கார்டிலோ பவர் சப்ளையிலோ உள்ள சுருள்கம்பிகள் அதிர்கின்றன. வயதாக ஆக மேல்சுருதி காதுக்கு எட்டாது என்பதால் பேரனுக்குக் கேட்பது ஐயாவுக்குக் கேட்காது. பேரன் கற்பனை செய்யவில்லை. கேமின் ஃபிரேம் ரேட்டை (வினாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) 60-க்கு வரம்பிட்டால் பெரும்பாலும் குறையும்.

டிவிடி டிரைவ் இரைந்தால் உள்ளே டிஸ்க் மறந்து கிடக்கும், எடுத்துவிடுங்கள். லேப்டாப் இரைந்தால் மெத்தையிலிருந்து எடுத்து மேசையில் வையுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் விசிறிக்கும் பட்டைக்கும் நடுவே தூசி கம்பளிபோல் படர்ந்திருக்கும். அதைத் திறக்கப் பழக்கம் வேண்டும், கடைக்குக் கொடுப்பது நல்லது.

சிபியுவின் பின்புறம் கார்டு இல்லாத இடங்களில் தகடு விழுந்து ஓட்டையாக இருந்தால் அடைத்துவிடுங்கள். பல்லி அந்த வழியாகத்தான் உள்ளே போகும். விசிறியில் அடிபடும், அல்லது போர்டில் ஷார்ட் ஆக்கும். விலைக்குத் தகடு கிடைக்காவிட்டால் கெட்டி அட்டையை வெளிப்புறமாக ஒட்டினாலும் போதும்.

கடைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால், சத்தத்தை மொபைலில் ஒரு நிமிடம் பதிவுசெய்துகொண்டு போங்கள். கடையில் வைத்துப் போட்டால் பல நேரம் அது வராது. எப்போது வருகிறது, நீங்கள் எதையெல்லாம் செய்து பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டிவிடுங்கள். வண்டியில் கொண்டுபோகும்போது சிபியுவை நிறுத்தி வைக்காமல், திறக்கும் தகடு மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். விசிறியின் எடை ப்ராசஸர்மேல் நேராக உட்காரும், போர்டை இழுக்காது. அடியில் ஒரு தலையணை போட்டால் நம் ஊர்ச் சாலையின் குழிகள் ஹார்ட் டிஸ்கைத் தொடாது.